பழைய ரெக்கார்டர்ல கச்சேரி பதிவு: புதுசு வாங்குறதுக்கு முன்னாடி மைக்க நகர்த்திப் பாருங்க

கேள்வி சுருக்கமா இதுதான். கையில பழைய ஜூம் எச்4என் ரெக்கார்டர் ஒண்ணு இருக்கு, ஊர்ல ஒரு சின்ன ஹால்ல மாசாமாசம் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடக்குது, அறுபது எழுபது பேர் வருவாங்க, சில மாசம் மைக் இல்லாமயே பாடுறாங்க, சில மாசம் ஸ்பீக்கர் போடுறாங்க. பதிவு பண்ணிக் கேட்டா மிருதங்கம்தான் முன்னாடி நிக்குது, குரல் கிணத்துக்குள்ளருந்து வர மாதிரி இருக்கு. இப்ப வர்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினா சரியாகுமா?

ஆகாதுங்க. பணத்த வச்சுக்கோங்க, அதே எச்4என்ல இத விட ரொம்ப நல்லா பண்ணலாம். ஏன்னு விவரமாவே சொல்றேன்.

எச்4என் 2009ல வந்த மிஷின். அதோட பிரீஆம்ப்ல (மைக் சிக்னல பெருசாக்குற பகுதி) இரைச்சல் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்வாங்க, அது உண்மைதான். ஆனா அந்த இரைச்சல் எப்ப காதுல விழும்னா, சிக்னல் கம்மியா குடுக்கிற டைனமிக் மைக் மாட்டி கெயின (பெருக்குற அளவ) முழுசா ஏத்தினா விழும், இல்ல காட்டுக்குள்ள உக்காந்து பறவைச் சத்தம் பிடிச்சா விழும். உங்க ஹால்ல ஃபேன் ஓடுது, வெளியில ஆட்டோ போகுது, பின் வரிசைல யாரோ இருமுறாங்க. ஃபேன் ஓடுற ஹால் சும்மா இருக்கும்போதே 40 டெசிபலுக்கு மேல இருக்கும், அதுக்கு அடியில ரெக்கார்டரோட இரைச்சல் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, யாருக்கும் கேக்கப் போறதில்ல. 32 பிட் ஃப்ளோட் தீர்க்கிறது ஒரே ஒரு பிரச்சினைய, லெவல், அதாவது பதிவாகுற சத்தத்தோட அளவு, தப்பா வச்சாலும் பின்னாடி காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான். மைக் தப்பான இடத்துல இருந்தா அந்தத் தப்பான சத்தத்தையே ரொம்பத் துல்லியமா பதிவு பண்ணிக் குடுக்கும். உங்க கம்ப்ளெயிண்ட் மிருதங்கம் முன்னாடி, குரல் பின்னாடிங்கறது, அது லெவல் பிரச்சினையே இல்ல, தூரத்தோட பிரச்சினை.

இத கொஞ்சம் கணக்காவே பாத்துடலாம், ஏன்னா இங்கதான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. ஒரு சத்தத்துக்கும் மைக்குக்கும் நடுவுல தூரம் ரெண்டு மடங்கானா நேரா வர்ற சத்தம் 6 டெசிபல் குறையும். ஆனா செவுத்துல பட்டு, கூரைல பட்டு, சுத்திச் சுத்தி வர்ற எதிரொலி ஹால் முழுக்க கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் இருக்கும், அது குறையாது. அதனால பின்னாடி போகப் போக பாட்டு குறைஞ்சு ஹால் மட்டும் மிஞ்சும். நம்ம ஊரு ஹால்ல மொசைக் இல்லன்னா டைல்ஸ் தரை, மூணு பக்கம் சுண்ணாம்புச் செவுரு, மேல கான்கிரீட், உறிஞ்சுறதுக்குன்னு ஒண்ணுமே கிடையாது, ஜனங்க உக்காந்தா அவங்க துணிமணி கொஞ்சம் உறிஞ்சும். இப்படிப்பட்ட இடத்துல பாடுறவங்கள விட்டு ஒரு மூணு மீட்டர் தள்ளினாலே நேர்ச் சத்தத்த எதிரொலி தாண்டிடும். உங்க ரெக்கார்டர் அஞ்சாவது வரிசைல நாற்காலி மேல இருந்திருக்கும்னு நெனைக்கிறேன், அங்க எத்தன லட்ச ரூபா மைக் வச்சாலும் இப்படித்தான் வரும்.

தூரம் இன்னொரு வேலையும் செய்யும், அத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. பாடுறவங்க நடுவுல, மிருதங்கம் ஒரு மீட்டர் பக்கவாட்டுல உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க. பாடுறவங்களுக்கு நேரா நாலு மீட்டர் தள்ளி மைக் இருந்தா, மைக்லருந்து குரல் 4 மீட்டர், மிருதங்கம் 4.1 மீட்டர், ரெண்டும் ஒண்ணுதான், எது பலமோ அது ஜெயிக்கும், மிருதங்கம்தான் பலம். அதே மைக்க ஒரு மீட்டருக்குக் கொண்டு வாங்க, குரல் 1 மீட்டர், மிருதங்கம் 1.4 மீட்டர் ஆயிடும், அங்கயே குரலுக்கு 3 டெசிபல் லாபம். எந்த பட்டனும் தொடாம, எந்த மென்பொருளும் இல்லாம கிடைக்கிற 3 டெசிபல். குரல் முன்னாடி வந்து நிக்கிறது தெளிவாவே தெரியும்.

அடுத்து யாரு எந்தப் பக்கம் உக்காருறாங்கங்கறது. வலது கையால வலந்தலை (மிருதங்கத்தோட கணீர்னு ஒலிக்கிற முகம்) வாசிக்கிற மிருதங்கக்காரர் சபைல உக்காந்து பாக்குற நமக்கு இடது பக்கம் உக்காருவாரு, அப்பதான் வலந்தலை நம்மளப் பாத்து இருக்கும். அதாவது சாப்பு, மீட்டுன்னு வர்ற கூர்மையான அடியெல்லாம் நேரா நம்ம பக்கம் சுட்டுது, இன்னொரு முகமான தொப்பி பின்னாடி திரும்பியிருக்கு. வயலின் நமக்கு வலது பக்கம். இடது கை வித்வான்னா பக்கம் மாறும், பழனி சுப்ரமணிய பிள்ளை அப்படி வாசிச்சவருதான். ஆக மைக் ஸ்டாண்ட நட்ட நடுவுல வைக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல, வயலின் பக்கமா ஒரு முழம் தள்ளி வச்சா மிருதங்கம் இன்னும் தள்ளிப் போயிடும், மெல்லிசா வாசிக்கிற வயலினும் கிட்ட வரும். ரெக்கார்டர திருப்பிட்டா போதும்னு சில பேர் நெனைக்கிறாங்க, எச்4என்ல இருக்கிற கார்டியாய்ட் மைக் (முன்னாடி வர்ற சத்தத்த அதிகமா பிடிக்கிற வகை) 45 டிகிரி திரும்பினா ஒண்ணரை டெசிபல்கூட குறையாது, அதனால திருப்புறத விட நகர்த்துறதுதான் வேலை செய்யும். மைக் ரெண்டையும் திருகி 90 டிகிரி, 120 டிகிரின்னு மாத்திக்கலாம் இல்லயா, இவ்வளவு கிட்ட வைக்கும்போது 90லயே விடுங்க. 120க்கு மாத்தினா ரெண்டு மைக்கும் பக்கவாத்தியங்களப் பாத்துத் திரும்பிக்கும், நடுவுல இருக்கிற குரல்தான் அடிபடும்.

உயரம். மேடைல உக்காந்திருக்கிறவங்க வாய்க்கு மேல, மேடைத் தரைலருந்து ஒண்ணேகால் ஒண்ணரை மீட்டர் உயரத்துல வச்சு லேசா கீழ பாக்க சாய்ச்சு விடுங்க. மிருதங்கம் மடில இருக்கிறதால மைக் மேல போகப் போக அதுலருந்து விலகும், வாய்லருந்து அவ்வளவா விலகாது. தரைல பட்டு எழும்புற சத்தமும் குறையும். மெலிசான ஸ்டாண்டா இருந்தா பாக்கறவங்களுக்கும் மறைக்காது, ஆனா பாடுறவங்க முகத்துக்கு நேரா ஒரு பொருள வைக்கிறோம்ங்கறதால கச்சேரிக்கு முன்னாடியே அவங்ககிட்ட கேட்டுடுங்க, "சார், இங்க வச்சுக்கலாமா, உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா"ன்னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க, சில பேர் அரை அடி அந்தாண்ட வைங்கம்பாங்க.

இதெல்லாம் ஒரு ஆரம்பக் கணக்குதான், சரியான இடத்த உங்க காதுதான் சொல்லணும், அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. ரெண்டு காதும் திறந்திருந்தா மூளை எதிரொலிய ஒதுக்கிட்டு குரல மட்டும் பிடிச்சுக்கும், மைக்குக்கு அந்த வசதி கிடையாது. அதனால ஒரு காத விரலால நல்லா அடைச்சுக்கிட்டு, மைக் வைக்கப்போற உயரத்துக்கு தலைய கொண்டு வந்து, சுருதி சேக்கும்போது மெதுவா முன்ன பின்ன நகர்ந்து பாருங்க. ஒரு இடத்துல குரல் திடீர்னு உருவம் எடுத்து நிக்கும், அரை அடி பின்னாடி வந்தா கரைஞ்சிடும். அந்த இடத்துல ஸ்டாண்ட வைங்க. ஹெட்ஃபோன் இருந்தா இன்னும் நல்லது, காதை முழுசா மூடுற டைப்பா இருக்கணும், இல்லன்னா நேர்ச் சத்தமும் சேந்து கேட்டு ஏமாத்திடும்.

சுருதிப்பெட்டிய மறந்துடாதீங்க. எலெக்ட்ரானிக் தம்புராவோ போன்ல ஆப்போ, பாடுறவங்க முன்னாடி வச்சிருப்பாங்க, அது மைக்குக்கு அரை மீட்டர்ல இருக்கும், ரெண்டரை மணி நேரமும் அதுதான் பெருசா பதிவாகும். அவங்களுக்குப் பின்னாடியோ பக்கத்துலயோ வைக்கச் சொல்லுங்க. நிஜத் தம்புரான்னா பின்னாடிதான் இருக்கும், கவலையில்ல.

இப்ப லெவல். முதல் வேலை, ஆட்டோ லெவல அணைக்கிறது. ஜூம் எச்1 மாதிரி சின்ன ரெக்கார்டர்ல முதுகுலயே ஸ்விட்ச் இருக்கும், எச்4என்ல மெனுவுக்குள்ள போகணும். ஆட்டோ லெவல் என்ன பண்ணும்னு காம்போதி ராக ஆலாபனைய நெனச்சுப் பாருங்க. பாடுறவங்க மேல் ஷட்ஜத்துல நின்னுட்டு விடுறாங்க, ஒரு நொடி இடைவெளி, உடனே மிஷின் ஐயோ சத்தம் குறைஞ்சிடுச்சேன்னு கெயின ஏத்தும், தம்புராவும் ஃபேனும் குபுகுபுன்னு மேல வரும், அடுத்த பிடி பாட ஆரம்பிச்சதும் அமுக்கும். மிருதங்கம் சேந்துட்டா இன்னும் மோசம், ஒவ்வொரு சாப்புக்கும் குரல் ஒரு தடவ உள்ள போயிட்டு வரும். ஒருமுறை இப்படிப் பதிவாயிட்டா சரி பண்ணவே முடியாது.

கையால வைக்கும்போது, தொடக்கத்துல பாடுற வர்ணத்தப் பாத்து லெவல் வைக்கக் கூடாது. கச்சேரில உச்சம், மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துலதான், அதுவும் அத முடிக்கிற மோரா கோர்வை வர்ற இடத்துல. கச்சேரிக்கு முன்னாடி மிருதங்கக்காரர் கல்லால தட்டி சுருதி சேத்து முடிச்சதும், "ரெண்டு ஆவர்த்தனம் பலமா வாசிச்சுக் காட்டுங்க சார்"னு கேளுங்க, அப்ப மீட்டர் உச்சம் -18 டெசிபல்கிட்ட (0 தான் சத்தம் உடையுற எல்லை) இருக்கிற மாதிரி வச்சிடுங்க. நிஜக் கச்சேரில உற்சாகம் ஏறும்போது அது -12, சில சமயம் -8 வரைக்கும்கூட போகும், அப்பவும் இடம் இருக்கும். ரொம்பக் கம்மியா இருக்கேன்னு பயப்படாதீங்க. 24 பிட்ல பதிவு பண்ணினா உச்சம் -20லயே நின்னாக்கூட பரவாயில்ல, பின்னாடி ஏத்திக்கலாம், ஏறுறது உங்க ஹால் இரைச்சல்தான், மிஷின் இரைச்சல் இல்ல. வச்சதுக்கப்புறம் நடுவுல தொடாதீங்க, ஆலாபனைல கொஞ்சம் ஏத்தி தனில கொஞ்சம் இறக்கின பதிவுல சங்கீதத்தோட ஏத்த இறக்கமே போயிடும்.

இதுல ஒரு விஷயம், கச்சேரி முழுக்க பெரிய சத்தம் எதுன்னு மீட்டர்ல பாத்தா மிருதங்கம்கூட இல்ல, கைத்தட்டல்தான். மைக்குக்குப் பக்கத்துல உக்காந்து ஒருத்தர் தட்டினா அது உடையும், உடையட்டும், அதுக்காக லெவல குறைக்க வேண்டாம். மைக் மேடைகிட்ட போயிட்டா இந்தப் பிரச்சினையும் பாதி தீந்துடும். நாற்காலிக் கைப்பிடில தாளம் போடுற ரசிகர்கள் பிரச்சினையும் அப்படித்தான், அவங்க சந்தோஷமா போடட்டும், நாம தள்ளி இருந்தா போதும்.

சில பழைய ரெக்கார்டர்ல ஒரு சிக்கல், ரொம்ப பலமா வர்ற சிக்னல உள்ள விட்டுட்டு லெவல டிஜிட்டலா மட்டும் இறக்கினா மீட்டர் -10 காட்டும், ஆனா சத்தம் அதுக்கு முன்னாடி அனலாக் பக்கமே உடைஞ்சு வந்திருக்கும். மீட்டர் நல்லா இருக்கு, கேட்டா கரகரங்குதுன்னா இதுதான் காரணம். லெவல் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போயிடுச்சுன்னா மைக்க நகர்த்துங்க, இல்லன்னா வர்ற சிக்னலையே குறைங்க.

எச்4என்ல ரெக்கார்ட் பட்டன ஒரு தடவ அமுக்கினா சிவப்பு லைட் மினுக்கும், அது தயார் நிலைதான், பதிவு ஆகல. ரெண்டாவது தடவ அமுக்கி லைட் நிலையா எரிஞ்சு, நேரம் ஓட ஆரம்பிச்சாதான் பதிவு. இதுல பதிவாகாமப் போன கச்சேரிகள் எத்தனையோ. அதே மாதிரி முடிஞ்சதும் ஸ்டாப் அமுக்கி, ஃபைல் எழுதி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு அப்புறம் ஆஃப் பண்ணுங்க.

24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோன்னா மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 32 ஜிபி கார்டு வரைக்கும்தான் இது எடுத்துக்கும், அதுவே தாராளம். பழைய ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் தானா அடுத்த ஃபைலுக்குப் போகும், அது ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துல வரும், அதாவது சரியா கச்சேரியோட பெரிய பாட்டான மெயின் உருப்படி நடுவுல. அதனால மெயினுக்கு முந்தின பாட்டு முடிஞ்சு கைத்தட்டுற நேரத்துல நீங்களே நிறுத்தி மறுபடி ஆரம்பிச்சிடுங்க. கார்ட கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணாம ரெக்கார்டர்லயே பண்ணுங்க. பேட்டரி புதுசா சார்ஜ் பண்ணினது, மெனுல பேட்டரி வகையையும் சரியா சொல்லிடுங்க.

கரண்ட்ல மாட்டாம பேட்டரிலயே ஓட்டுங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் 50 ஹெர்ட்ஸ் உறுமல். மிக்சர் ஒரு பிளக்ல, ரெக்கார்டர் இன்னொரு பிளக்ல இருந்து ரெண்டுக்கும் நடுவுல கேபிள் போச்சுன்னா எர்த் வழியா ஒரு சுத்து உண்டாகி உர்ர்ருனு கேக்கும். பேட்டரில ஓடினா அந்தச் சுத்தே கிடையாது.

ஃபேன் விஷயத்துல ரெண்டு தனித்தனி தொல்லை இருக்கு. சத்தம் ஒண்ணு, காத்து மைக்குல அடிக்கிறது இன்னொண்ணு. சத்தத்த பொறுத்துக்கலாம், காத்த பொறுத்துக்க முடியாது, அது புடுபுடுன்னு எல்லாத்தையும் அழிச்சிடும். மேடைக்கு நேரா மேல இருக்கிற ஃபேன நிறுத்தச் சொல்லுங்க, வித்வானுக்கு வேர்க்கும்னா பெடஸ்டல் ஃபேன பக்கவாட்டுலருந்து மைக்குல படாம வைங்க. ஸ்பாஞ்ச் உறை கொஞ்சம்தான் தடுக்கும், முடி உறை வாங்கிக்கோங்க, விலை ரொம்ப கம்மி. லோ கட் (கீழ்ச் சத்தத்த வெட்டுறது) போட்டுடலாமேன்னு தோணும், பதிவு பண்ணும்போது போடாதீங்க. தொப்பியோட கும்கிங்கற கனத்த ஒலி அந்தக் கீழ்ச் சத்தத்துலதான் இருக்கு, வெட்டினா மிருதங்கம் தகர டப்பா ஆயிடும், திரும்ப வராது. பின்னாடி கேட்டுட்டு வேணும்னா 40 ஹெர்ட்ஸ்ல மெதுவா வெட்டிக்கலாம். மேடை பலகையா இருந்தா ஸ்டாண்டுக்கு அடியில ஒரு கெட்டித் துண்டு மடிச்சுப் போடுங்க, பாடுறவங்க தொடைல தாளம் போடுற அதிர்வு பலகை வழியா ஏறி வரும்.

மயிலாப்பூர் ராக சுதா ஹால் மாதிரி இடங்கள்ல மைக் இல்லாக் கச்சேரி கேட்டவங்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்துல ஒரு ஓய்வு இருக்கும், பக்கவாத்தியம் தானாவே குரலுக்குள்ள அடங்கி வாசிக்கும். உங்க ஊர்லயும் மைக் இல்லாத மாசம் வந்தா அத விடாம பதிவு பண்ணுங்க, எளிய கருவிக்கு அதுதான் சாதகமான கச்சேரி.

ஸ்பீக்கர் போடுற மாசத்துக்கு வருவோம். மிக்சர்லருந்து ஒரு லைன் வாங்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. சின்ன ஹால்ல மிருதங்கம் தானாவே கேக்கும், அதனால மிக்சர்ல அத கம்மியாதான் ஏத்தியிருப்பாங்க, குரல நல்லா ஏத்தியிருப்பாங்க. அந்த லைன மட்டும் பதிவு பண்ணினா குரல் காதுக்குள்ள ஒட்டிக்கிட்டு, மிருதங்கம் பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி, ஹாலே இல்லாம வறண்டு போய் இருக்கும். ஆனா இதுலதான் உங்க பழைய எச்4என் பெரிய உதவி பண்ணும். அதுல நாலு சேனல் மோட் இருக்கு, மேல இருக்கிற ரெண்டு மைக்கும் கீழ இருக்கிற ரெண்டு இன்புட்டும் ஒரே நேரத்துல தனித்தனி ஃபைலா பதிவாகும். மேடைகிட்ட ரெக்கார்டர வச்சு, மிக்சர் லைன கீழ மாட்டினா ரெண்டும் கிடைச்சிடும், அப்புறம் வீட்டுல சேத்துக்கலாம். ஒரே மிஷின்ல பதிவாகுறதால ரெண்டும் விலகாது. ரெண்டு வேற வேற ரெக்கார்டர்ல பண்ணினா ஒவ்வொண்ணோட கடிகாரமும் கொஞ்சம் வேற வேகத்துல ஓடும், பத்து லட்சத்துல இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்துல 72 மில்லிசெகண்ட் விலகிடும், மிருதங்கம் ரெட்டையா கேக்கும், பாட்டுக்குப் பாட்டு வெட்டி வெட்டி ஒட்டணும்.

மாட்டுறப்ப கவனம். எச்4என்ல எக்ஸ்எல்ஆர் (மூணு முள் பிளக்) ஓட்டை மைக் லெவலுக்கு, அதுல மிக்சரோட மெயின் அவுட்ட நேரா மாட்டினா உடையும். மிக்சர்ல ரெக் அவுட்னு ஆர்சிஏ ஓட்டை இருந்தா அதுலருந்து ரெண்டு மோனோ கால் இன்ச் ஜாக்குக்கு கேபிள் பண்ணி அந்த ஓட்டைலயே நடுவுல மாட்டுங்க. ஃபேன்டம் பவர் (மைக்குக்கு ரெக்கார்டர் அனுப்புற கரண்ட்) அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க. அப்புறம் வீட்டுல சேக்கும்போது, பாடுறவங்க மைக் வாய்கிட்ட இருக்கு, ரெக்கார்டர் ஒரு மீட்டர் தள்ளி இருக்கு, சத்தம் ஒரு மீட்டர் வர்றதுக்கு 3 மில்லிசெகண்ட் ஆகும், அதனால மிக்சர் ட்ராக்க அந்த அளவுக்குத் தள்ளி வைங்க, இல்லன்னா குரல் கொஞ்சம் குழாய்க்குள்ளருந்து வர மாதிரி ஆயிடும். எவ்வளவு சேக்கணும்னா, மேடை மைக் பதிவ அடிப்படையா வச்சுக்கிட்டு, சாகித்யம் (பாட்டோட வார்த்தை) புரியுற அளவுக்கு மட்டும் மிக்சர் குரல ஏத்துங்க. ஏத்தினது தெரிஞ்சா கொஞ்சம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

எச்1, டாஸ்கேம் டிஆர்-05 மாதிரி 3.5 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் இருக்கிற ரெக்கார்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இங்க ஒரு பொறி இருக்கு. மிக்சரோட பேலன்ஸ்டு அவுட்லருந்து நேரா ஸ்டீரியோ மினி ஜாக்குக்கு ஒரு கேபிள் கடைல குடுப்பாங்க, பாக்க ஒழுங்கா பொருந்தும். ஆனா பேலன்ஸ்டு லைன்ல ஒரே சத்தம் நேராவும் தலைகீழாவும் ரெண்டு கம்பில போகுது, நேரா இருக்கிறது இடது சேனலாவும் தலைகீழ் வலது சேனலாவும் பதிவாயிடும். ஹெட்ஃபோன்ல கேட்டா அகலமா, என்னமோ தலைக்குப் பின்னாடி வர்ற மாதிரி இருக்கும், நல்லா இருக்கேன்னுகூட தோணும். அதையே போன் ஸ்பீக்கர்ல போட்டா ரெண்டும் ஒண்ணா கூடி ஒண்ண ஒண்ணு அழிச்சு, குரலே காணாமப் போய் வெறும் மிச்ச சொச்சம் மட்டும் கேக்கும். ஏற்கனவே இப்படிப் பதிவாயிருந்தா பயப்பட வேண்டாம், ஒரு சேனல தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ண ரெண்டு பக்கமும் வச்சா சரியாயிடும், ஆடாசிட்டிங்கற இலவச மென்பொருள்லயே பண்ணலாம்.

ரெக்கார்டரே இல்ல, போன் மட்டும்தான்னா? பண்ணலாம், ஆனா போன்ல இருக்கிற சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் பேச்சுக்குன்னு செஞ்சது. ஒரே சீரா வர்ற சத்தத்த இரைச்சல்னு முடிவு பண்ணி அழிக்கும், தம்புராவ விட சீரான சத்தம் எது? பாட்டு நிக்கும்போதெல்லாம் சுருதி காணாமப் போகும். இரைச்சல் நீக்கத்தையும் ஆட்டோ கெயினையும் அணைக்க விடுற ஆப்பா பாத்துப் போடுங்க, ஏரோப்ளேன் மோட்ல வைங்க, இடத்துக்கான விதிகள் அதேதான்.

கேசட் டெக் வச்சிருக்கிறவங்க சில பேர் அதுலயே பண்ண ஆசைப்படுறாங்க, அதுவும் அழகாத்தான் வரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஹெட்ட துடைங்க, சி-60 இல்லன்னா சி-90 டேப் போடுங்க, சி-120 ரொம்ப மெல்லிசு, சுத்திக்கும். டேப்புல லெவல் வைக்கிறது டிஜிட்டலுக்கு நேர் எதிர், இங்க கம்மியா வச்சா இரைச்சல்ல மூழ்கிடும், உச்சம் பூஜ்யத்தத் தொட்டுட்டு வரணும், கொஞ்சம் தாண்டினா டேப் மெதுவா அமுங்கும், டிஜிட்டல் மாதிரி சட்டுனு வெட்டாது. ஆனா முள் மீட்டர் மெதுவா நகர்றது, மிருதங்கச் சாப்பு முடிஞ்சதுக்கப்புறம்தான் முள் கிளம்பும், அதனால தனி ஆவர்த்தனத்துல முள் -6ஐ காட்டினாலே உண்மையான உச்சம் அதுக்கு மேல போயிருக்கும்.

பாடகர் மதுரை மணி ஐயர் 1968ல காலமாயிட்டாரு. அவரோட சங்கீதம் இன்னைக்கு நமக்குக் கிடைக்கிறதுல பெரும்பகுதி கச்சேரிப் பதிவுகள்தான், ரசிகர்கள் ஸ்பூல் டேப்ல பிடிச்சு வச்சதுல எவ்வளவோ சேந்து வந்தது. அந்தப் பதிவுகள்ல நல்லா இருக்கிறத கேட்டீங்கன்னா குரல் கிட்ட இருக்கும், அவ்வளவுதான் அதோட ரகசியம். டேப் இரைச்சல ஒரு நிமிஷத்துல காது மறந்துடும். தூரத்துல பிடிச்சதுல எதிரொலிய காது மறக்காது.

வீட்டுக்கு வந்தப்புறம் வேலை கம்மியா பண்ணுங்க. நாய்ஸ் ரிடக்ஷன் பக்கமே போகாதீங்க, தம்புராவையும் கமகத்தோட வால் பகுதியையும் சேத்து தின்னுடும். குரல் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருந்தா 300 ஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு மூணு டெசிபல் இறக்கிப் பாருங்க. கைத்தட்டல மட்டும் தேர்ந்தெடுத்து 10 டெசிபல் குறைச்சா, மொத்தத்தையும் தாராளமா ஏத்த இடம் கிடைக்கும், உச்சம் -1ல நிறுத்திக்கோங்க. மூலப் பதிவ எதுவும் தொடாம தரம் குறையாத வேவ் ஃபைலாவோ ஃப்ளாக்காவோ ரெண்டு இடத்துல வைங்க, எம்பி3 பகிர்றதுக்கு மட்டும். ஃபைல் பேர்ல தேதி, இடம், பாடினவங்க, வயலின், மிருதங்கம், கடம் யாருன்னு எல்லாத்தையும் அன்னிக்கே எழுதிடுங்க, உருப்படி, ராகம், தாளம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல. பக்கவாத்தியம் யாருன்னே தெரியாத அருமையான பழைய பதிவுகள் எத்தனை சுத்துது, அந்தப் பட்டியல்ல உங்களோடதும் சேரக் கூடாது.

அனுமதி இல்லாம பதிவு பண்ணாதீங்க. 1994 திருத்தத்துலருந்து பதிப்புரிமைச் சட்டத்துல கலைஞர்களுக்கு தங்களோட கச்சேரி மேல தனி உரிமை இருக்கு, இப்ப அது 50 வருஷத்துக்கு. சொந்தமா கேக்குறதுக்குப் பதிவு பண்றத சட்டம் விட்டு வச்சிருக்கு, ஆனா வெளியில போடுறதுன்னா அவங்க சம்மதம் வேணும், அது மிருதங்கக்காரர், வயலின்காரர் எல்லாருக்கும் சேத்துதான், பாடுறவங்க மட்டும் சரின்னு சொன்னா பத்தாது. பதிவு பண்ணினதுல ஒரு காப்பி அந்த வாரமே மேடைல இருந்த எல்லாருக்கும் அனுப்பிடுங்க, கூடவே மிருதங்கம் ஜாஸ்தியா, வயலின் கேக்குதா, சுருதி சரியா விழுந்திருக்கான்னு கேட்டு எழுதுங்க. அடுத்த மாசம் ஸ்டாண்ட எந்தப் பக்கம் நகர்த்தணும்னு அதுலருந்தே தெரிஞ்சிடும்.